பயனர் பிழை

பேர்லின்
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள தனு,

இத்தனை மாதம் கழித்து மின்னஞ்சலில் வந்து நிற்கிறான் என்று கோபிக்காதே. வாட்ஸ்அப்பில் எழுதிப் பார்த்தேன், ஒற்றைச் சரி அடையாளத்தோடு நின்றுவிட்டது. நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று விளங்குகிறது. சரி, அதை இப்போது கதைக்க வேண்டாம்.

நல்ல செய்தி ஒன்று. நம்முடைய 'வட்டை' இங்கே ஒரு விருதின் இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகியிருக்கிறது. பழைய மின்சாதனங்களைக் குப்பைக்குப் போகவிடாமல் திரும்ப ஓடவைக்கும் திறந்த மூலத் திட்டங்களுக்கான விருது. செய்த கம்பனியே கைவிட்ட வீட்டு றவுட்டர் ஒன்றின் பழைய மென்பொருளை அழித்து, அதன் நாலு மெகாபைட் இடத்துக்குள் நாங்களே கட்டிய தமிழ் நிலைபொருளை ஏற்றி, மட்டக்களப்புக் கிராமங்களில் ஓடவிட்டிருக்கிறோம் என்றதும் நடுவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 'வட்டை' என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் வயல்வெளி என்று சொன்னேன். அவர்களுக்கு அது நன்றாகப் பிடித்துப்போய்விட்டது.

இதற்காக நிரலைக் கொஞ்சம் துப்புரவாக்க வேண்டி வந்தது. நாம் இருவரும் வருடக்கணக்காக எழுதித் தள்ளிய சின்னச் சின்னத் திருத்தங்களை எல்லாம் சேர்த்து ஒரே திருத்தமாக்கிவிட்டேன். ஊர்ப் பெயர் போட்ட ஒன்றிரண்டு கோப்புகளையும் எடுத்துவிட்டேன். பொதுத் திட்டம் ஒன்றுக்குள் அவை இருப்பது அழகில்லை. பிறகு, அமைப்புப் பக்கத்தில் 'எல்லாம் அழிஞ்சுபோகும், கவனம்' என்று நீ ஒரு பொத்தானுக்கு எழுதியிருந்தாய் அல்லவா? அதைக் கலைச்சொல் பட்டியலில் உள்ளபடி 'மீட்டமை' என்று மாற்றியிருக்கிறேன். இப்போது பார்க்க ஒழுங்காக இருக்கிறது.

ஒரு உதவி. கதிரவெளி மாதர் சங்கக் கட்டடத்தில் உள்ள றவுட்டரில் இந்தப் புதிய பதிப்பை ஏற்றி, ஆட்கள் அதைப் பாவிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புவாயா? நடுவர்களுக்கு மனித முகம் வேண்டுமாம். புஸ்பம் அக்கா படத்தில் நின்றால் நல்லது.

உம்மா உன்னைச் சுகம் கேட்டார்.

றிப்ஷான்


கல்லடி
19 ஒக்டோபர் 2024

றிப்ஷானுக்கு,

படம் இணைத்திருக்கிறேன். முதலில் அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாசிக்காமலே விட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, எழுதுகிறேன்.

'சேர்த்து ஒரே திருத்தமாக்கிவிட்டேன்.' எவ்வளவு மெதுவாகச் சொல்லிவிட்டாய். நிரல் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரே திருத்தத்தின் கீழ் ஒரே பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்னறையில் நீ றவுட்டரைத் திருகிக் கழற்ற, பலகையில் இருந்த நாலு ஊசிக் கால்களில் மூன்றுக்கு நான் வயர் ஒட்டினேன். என் விரல் சுட்ட தழும்பு இன்னும் கிடக்கிறது. முதல் றவுட்டர் செத்தது, இரண்டாவது செத்தது, மூன்றாவது கண் திறந்து திரையில் எழுத்துகளாகக் கொட்டியபோது நீ சத்தம்போட்ட சத்தத்தில் என் அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா. தமிழ் எழுத்துக்கு இடம் போதாமல் நான் ஒவ்வொரு சொல்லாகச் சுருக்கினேன். வாகரை பஸ்சில் போகவர இருந்து மொழிபெயர்த்தேன். 'வட்டை' என்ற பெயரே கரடியனாற்றில் என் அப்பாவின் வாயிலிருந்து வந்தது. காத்தான்குடியில் வளர்ந்த நீ வட்டைக்குள் இறங்கி நடந்த ஆள் இல்லை. அதை நடுவர்களுக்கு விளங்கப்படுத்தியபோது உனக்கு நாக்குக் கூசவில்லையா?

பேர்லின் வேலைக்கு நீ போட்ட விண்ணப்பத்தை வந்தாறுமூலைக் கம்பஸில் நம்மோடு படித்த நஸீறா எனக்குக் காட்டினாள். 'நான் உருவாக்கினேன்' என்று எழுதியிருந்தாய். அன்றைக்குத்தான் உன்னைத் தடுத்து வைத்தேன். பிழையாக ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் புஸ்பம் அக்காவுக்கு உன்மேல் கோபம் இல்லை. 'பொடியன் வெளிநாட்டில இருந்து அனுப்பினதா? அப்ப போடு புள்ள' என்றார். சங்கத்துத் தலைவி அவர்தான், உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் அந்த ஊர் போன்களில் சிக்னல் செத்துவிடும். எங்கள் றவுட்டரும் அதில் குத்தின சிம் டொங்கிளும் கம்பத்தில் கட்டின அன்ரெனாவும்தான் தூரத்துக் கோபுரத்தைப் பிடிக்கும். நீ கேட்டபடி புதிய பதிப்பை ஏற்றினேன். பழைய அமைப்புகள் அப்படியே இருந்தபடியால் எல்லாம் வழமைபோல் ஓடுகிறது. படத்தில் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவர் அவருடைய மனுசன் நல்லரத்தினம் அண்ணன். கம்பத்தில் ஏறி அன்ரெனாவை இறுக்கித் தந்தவர். கூரை ஒழுகுகிறது என்று றவுட்டருக்கு மேலே ஒரு நீலப் பிளாஸ்ரிக் பேசனைக் கவிழ்த்துக் கட்டிவைத்திருக்கிறார். 'இந்தப் பெட்டிக்கு எங்கட வீட்டை விட நல்ல கூரை' என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

புஸ்பம் அக்கா அமைப்புப் பக்கத்தைத் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, 'மீட்டமை எண்டா என்னகா?' என்று கேட்டார். அதைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவந்தேன். உன்னுடைய ஒழுங்கான சொல் இவ்வளவுதான்.

தனுஷியா


பேர்லின்
2 நவம்பர் 2024

அன்புள்ள தனு,

படம் அருமை. நல்லரத்தினம் அண்ணனின் சிரிப்பைத்தான் நம் இணையத்தளத்தின் முதற்பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

நீ எழுதியதை வாசிக்காமல் விடவில்லை. இரண்டு முறை வாசித்தேன். பெயர் விஷயத்தில் உனக்கு வருத்தம் இருப்பது நியாயம். ஆனால் என் பெயர் தொழில்நுட்பக் காரணத்தால்தான் அங்கே விழுந்தது. திருத்தங்களைச் சேர்க்கும் ஆளின் பெயரைத்தான் அது எடுக்கும். விருது விண்ணப்பத்தை ஒப்படைத்துவிட்டபடியால் இப்போது வரலாற்றைத் திருப்பி எழுத முடியாது. முகப்பில் 'வட்டை குழு' என்றுதான் போட்டிருக்கிறேன். நன்றிப் பக்கத்தில் உன் பெயர் முதலாவதாக வரும், இன்ஷா அல்லாஹ்.

சொல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஊர்ப் பேச்சில் பொத்தான் எழுதினால் வெளியிலுள்ள தமிழர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுக்கமாட்டார்கள். மீட்டமை என்பது நியமச் சொல். ஆட்கள் பழகிக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வாப்பாவுக்குப் போன மாதம் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு வந்துவிட்டது, கை இன்னும் வரவில்லை. நான் இங்கே இருப்பது இந்த ஆய்வுக்கூடத்து ஒப்பந்தத்தால். அது புதுப்பிக்கப்படுமா என்பது இந்த விருதில் தொங்குகிறது. நீ என்னைத் திருடன் என்று நினைக்கலாம். என் நிலையில் இருந்து ஒரு தடவை பார்.

நவம்பர் கடைசியில் இறுதிச் சுற்று. நல்லது நடக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்.

றிப்ஷான்


கல்லடி
15 டிசம்பர் 2024

றிப்ஷான்,

வாப்பாவின் சுகத்தை உன் உம்மாவிடமே போய்க் கேட்டேன். வாப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறார். என்னைக் கண்டு அழுதார். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று முதலில் எழுதுகிறேன். இனி எழுதப்போவது வேறு.

நல்லரத்தினம் அண்ணன் செத்துப்போனார்.

வெள்ளம் வந்தது உனக்குத் தெரியும், செய்தியில் பார்த்திருப்பாய். வாகரை றோட்டை இரண்டு இடத்தில் அறுத்துவிட்டது. கதிரவெளியில் கடல் ஒரு பக்கம், வெள்ளம் மற்றப் பக்கம். தாழ்ந்த வளவுச் சனம் எல்லாம் மாதர் சங்கக் கட்டடத்துக்குள் ஏறியது. கரண்ட் போய், போன்களும் செத்தன. எங்கள் றவுட்டர் மோட்டார்சைக்கிள் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் முழுக்கப் புஸ்பம் அக்கா அதன் வழியாகத்தான் படகுக்காரர்களோடு கதைத்திருக்கிறார். எத்தனை பேர் இருக்கிறார்கள், யாருக்கு மருந்து வேண்டும் என்று எல்லாம் அனுப்பியிருக்கிறார். நாளைக்கு வருகிறோம், ஏதும் அவசரம் என்றால் உடனே சொல்லுங்கள் என்று பதிலும் வந்திருக்கிறது.

பின்னேரம் மழை கூட, இணையம் இழுத்து இழுத்து வந்திருக்கிறது. அக்கா அமைப்புப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அங்கே 'மீட்டமை' என்று இருந்தது. அவர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'நாள் முழுக்க மீட்புப் படகு, மீட்புக் குழு எண்டுதான் புள்ள காதில விழுந்து கொண்டிருந்த. அந்தச் சொல்லைக் கண்டதும், இதை அமத்தினா எங்களை மீட்க வருவாங்க எண்டு நினைச்சிட்டன். இல்லாட்டியும் லைனையாவது மீட்டுத் தரும் எண்டு நினைச்சன்.'

அமத்தினார். உறுதியா என்று பெட்டி கேட்டது. உறுதி என்றார். எல்லா அமைப்பும் அழிந்து, வைபை அணைந்துவிட்டது.

ஏன் திரும்பி வரவில்லை என்று உனக்குத் தெரியும். தெரியாததுபோல் நடிக்காதே. போன வருடம் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் பின்பக்கத்துப் பொத்தானை அமத்தி எல்லாவற்றையும் அழித்த பிறகு, நான் '99-கதிரவெளி' என்று ஒரு கோப்பு எழுதி நிலைபொருளுக்குள்ளேயே வைத்தேன். யார் எதை அழித்தாலும், பெட்டி மறுபடி எழும்பும்போது அந்தக் கோப்பு வைபையைத் திறந்து, டொங்கிளின் அமைப்பைப் போட்டு, எல்லாவற்றையும் முன்பிருந்தபடி வைத்துவிடும். ஊர்ப் பெயர் அழகில்லை என்று நீ எடுத்தது அந்தக் கோப்பைத்தான். அது இல்லாவிட்டால் இந்த நிலைபொருள் வைபை மூடியபடிதான் எழும்பும். கேபிள் வைத்துத்தான் உள்ளே போகலாம். வெள்ளத்துக்குள் கேபிளும் லப்டொப்பும் யாரிடம் இருக்கும்?

மறுநாள் காலை நல்லரத்தினம் அண்ணன் பக்கத்து வளவு ஆட்டை அவிழ்த்துவிடத் தண்ணீருக்குள் இறங்கினார். விரியன் கொத்திவிட்டது. அக்கா போனைப் பிடித்துக்கொண்டு அந்த நீலப் பேசனுக்குக் கீழே நின்றிருக்கிறார். கட்டடத்தில் இருந்து தகவல் ஒன்றும் வராதபடியால் அங்கே அவசரம் இல்லை என்று நினைத்துப் படகுகள் ஆற்றுப் பக்கம் போய்விட்டன. பின்னேரம் ஆளின் மூச்சு நின்றது. படகு அடுத்த நாள்தான் வந்தது.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு போயிருந்தேன். புஸ்பம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நான்தான் புள்ள அமத்தின. இந்த விரலாலதான் அமத்தின' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இல்லை அக்கா, எங்கள் பிழை என்றேன். அவர் கேட்கவில்லை. 'நீ தொடாத எண்டு சொல்லிட்டுத்தானே போன' என்றார்.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பெயரும் வேண்டாம், நன்றிப் பக்கமும் வேண்டாம். களஞ்சியத்தின் பிழைப் பட்டியலில் நடந்ததைப் பதிந்திருக்கிறேன். அதற்குக் கீழே நீ உன் பெயரில் எழுது. பாதுகாப்புக் கோப்பை எடுத்தது நாங்கள், பொத்தானுக்குக் குழப்பமான சொல் வைத்தது நாங்கள், அமத்தினவரில் பிழை இல்லை என்று எழுது. அதை அவருக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற பொடியனே எழுதியிருக்கிறான் என்றால் அவர் நம்புவார்.

தனுஷியா


பேர்லின்
21 டிசம்பர் 2024

அன்புள்ள தனு,

இன்னாலில்லாஹி. அவருடைய படம் இன்னும் எங்கள் முதற்பக்கத்தில் இருக்கிறது. எடுக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை.

விருது கிடைத்துவிட்டது. இந்த நேரத்தில் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நீ வேறு யாரோ சொல்லி அறியக்கூடாது.

நீ கேட்டதை யோசித்தேன். நியாயமாகச் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும் தனு. பாம்பு கடித்தவரை அந்த வெள்ளத்துக்குள் படகு நேரத்துக்கு வந்து ஏற்றியிருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? ஒரு றவுட்டரை நம்பி இத்தனை பேர் இருந்தது யாருடைய பிழை? நான் எடுத்த கோப்புகள் எவை என்று திருத்தக் குறிப்பில் தெளிவாக இருந்தது. நீ அதை வாசித்திருக்கலாம். புதிய பதிப்பை ஏற்றிய கையோடு ஒரு தடவை அழித்துப் பார்த்துச் சோதித்திருக்கலாம். உன்னைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் நீ என் பெயரில் மட்டும் ஒரு மரணத்தை எழுதச் சொல்கிறாய்.

அடுத்த மாதம் ஒப்பந்தம் கைச்சாத்தாகிறது. இப்போது நான் அங்கே அப்படி ஒன்றை எழுதினால் இவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். வாப்பாவின் வைத்தியம், உம்மா, என்கூடப் பிறந்த தாத்தாவின் பிள்ளைகள் எல்லாம் என் தலையில். கொஞ்சம் பொறு. பிறகு ஆறுதலாக எழுதுவேன். புஸ்பம் அக்காவுக்கு என் ஆழ்ந்த அனுதாபத்தைச் சொல்.

றிப்ஷான்


கல்லடி
9 ஜனவரி 2025

றிப்ஷான்,

நீ பொறுக்கச் சொன்னாய். நான் பொறுத்தேன். நீ பொறுக்கவில்லை.

சோதித்திருக்கலாம் என்று எழுதியிருந்தாய். உண்மை. நீ அனுப்பியதை நம்பி ஏற்றினேன். எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம் இருந்தும் உன் வேலையில் சந்தேகம் வரவில்லை. அது என் பிழைதான், எங்கே வேண்டுமென்றாலும் எழுதித் தருகிறேன்.

நேற்று கதிரவெளிக்குப் போயிருந்தேன். புஸ்பம் அக்காவின் மகள் கஜானி உயர்தரம் படிக்கிறாள், உன் பக்கத்தை அவள் நாளும் திறந்து பார்க்கிறாளாம். அப்பாவின் படம் அதில் இருக்கிறது என்பதற்காக. அங்கிருந்து பிழைப் பட்டியலுக்குள் போயிருக்கிறாள். நான் பதிந்ததற்குக் கீழே நீ ஒரு வரியும் எழுதவில்லை. ஒரு முத்திரையைக் குத்தி மூடிவிட்டிருக்கிறாய். 'பயனர் பிழை. மூடப்பட்டது.'

பிள்ளை அதைத் தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். நானே வாசித்துக் காட்ட நினைத்திருந்த இடத்தை அவள் வாசித்துவிட்டாள்.

புஸ்பம் அக்கா கேட்டிருக்கிறார்: 'பயனர் எண்டா ஆரு மகள்?'

'பாவிக்கிற ஆள், அம்மா.'

'அப்ப நான்தான்.'

நான் போன நேரம் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். உன் வாப்பாவின் கை எப்படி என்று விசாரித்தார்.

அந்த முத்திரையை நானும் நீயும் சேர்ந்துதான் செய்தோம், நினைவிருக்கிறதா? வந்தாறுமூலை கன்ரீனில் இருந்து. வயரை மாற்றிக் குத்திவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்கிற ஆட்களுக்காக. அப்போது பகிடியாக இருந்தது.

உன்னை எனக்குப் பிடிக்காமல் போனது பெயரை எடுத்த நேரத்தில் அல்ல. அன்றைக்குக் கோபம் மட்டும்தான் வந்தது. இப்போது உன்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

தனுஷியா


பேர்லின்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள தனு,

பல தடவை எழுதத் தொடங்கி அழித்தேன்.

ஒப்பந்தத்துக்கு முன்னர் திறந்து கிடக்கும் பிழைகளை எல்லாம் மூடச் சொன்னார்கள். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தபோது அதற்கும் ஏதாவது ஒரு முத்திரை குத்த வேண்டி இருந்தது. அது வெறும் வகைப்பாடு, தனு. யாரையும் குறிப்பிட்டுச் சொன்னது அல்ல. அந்தப் பிள்ளை போய் வாசிப்பாள் என்று நான் எப்படி அறிவேன்? தமிழில் முத்திரை வைத்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது என்றுகூட யோசித்தேன். பிறகு அப்படி யோசித்ததற்கு வெட்கப்பட்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை. உன் கோப்பைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். பெயரை மட்டும் '99-இயல்பு' என்று மாற்றியிருக்கிறேன். இனி எந்தப் பெட்டியை அழித்தாலும் தானாக எழும்பும். வேறு நாடுகளில் ஏற்றியவர்கள் நன்றி சொல்லி எழுதுகிறார்கள். அந்தத் திருத்தத்தின் கீழே உன் பெயரை முறைப்படி போட்டிருக்கிறேன். 'அறிவித்தவர்: தனுஷியா.' இனி யாரும் அதை எடுக்க முடியாது.

மூடியதைத் திறந்து புதிதாக எழுதினால் ஏன் முதலில் மூடினாய் என்று கேட்பார்கள். அதனால் அதை விட்டுவிடு என்று கேட்கிறேன். ஆடி மாதம் ஊருக்கு வருவேன். நேரில் கதிரவெளிக்குப் போய் அவரைப் பார்க்கிறேன். எழுத்தில் சொல்ல முடியாததை நேரில் சொல்லலாம்.

நாம் பழைய கூட்டாளிகள். நமக்குள்ளும் எல்லாவற்றையும் மீட்டமைப்போம், தனு.

றிப்ஷான்


கல்லடி
30 மார்ச் 2025

றிப்ஷான்,

'மீட்டமைப்போம்' என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பொருளில் என்று கேட்கப்போவதில்லை. உனக்கு வசதியான சொல்தான். பழையபடி இருப்போம் என்றும் சொல்லலாம், நடந்ததை எல்லாம் அழித்துவிடுவோம் என்றும் சொல்லலாம்.

அறிவித்தவர் தனுஷியா. அந்தக் கோப்பின் ஒவ்வொரு வரியையும் எழுதியவள் நான். அதை நீ தூக்கி எறிந்து, ஆள் செத்து, திரும்ப எடுத்து வைத்தபோது அது உன் திருத்தம் ஆகிவிட்டது. நான் வாசலில் வந்து தகவல் சொல்லிவிட்டுப் போன ஆள் ஆகிவிட்டேன். அதில் ஊரின் பெயரையும் திரும்ப வைக்க உனக்கு மனம் வரவில்லை.

நிரல் திறந்த மூலம் என்பதால் நான் உன்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முழுவதையும் பிரதி எடுத்து, தனியாக ஒரு களஞ்சியம் தொடங்கிவிட்டேன். பெயர் 'வட்டை'தான். அது எங்கள் வீட்டுச் சொல், அதை உனக்கு விட்டுத்தர மாட்டேன். என்னிடம் பழைய பிரதி இருந்தது, நாம் இருவரும் எழுதிய ஒவ்வொரு திருத்தமும் யார் யாருடைய பெயரில் இருந்ததோ அப்படியே அதில் இருக்கிறது. உன் பெயரை ஓரிடத்திலும் எடுக்கவில்லை. உரிமம் அதை எடுக்க விடாது. விட்டிருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன். அதன் பிழைப் பட்டியலில் முதலாவதாகக் கதிரவெளியைப் பதிந்தேன். காரணம் என்ற இடத்தில், நிலைபொருள் பிழை என்று எழுதினேன். பொறுப்பு என்ற இடத்தில் எழுதியவர்கள் இருவரின் பெயரையும் போட்டேன். சோதிக்காமல் ஏற்றியது நான் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

அதை எடுத்துக்கொண்டு போன ஞாயிறு கதிரவெளிக்குப் போனேன். கட்டடத்தில் அந்தப் பேசன் இன்னும் கவிழ்த்தபடி இருக்கிறது. அதற்குக் கீழே பெட்டி இல்லை. புஸ்பம் அக்கா கழற்றி மூலையில் வைத்துவிட்டார். நான் புதிதாகக் கட்டியதை ஏற்றித் தருகிறேன் என்றேன். 'உன்ர விருப்பம் புள்ள' என்றார். அந்தப் பொத்தானுக்கு என்ன எழுதலாம், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார்: 'அழிவு எண்டு போடு. மறுகா ஒருத்தரும் கை வைக்கமாட்டாங்க.'

அப்படியே போட்டுவிட்டேன். உன் கலைச்சொல் பட்டியலில் அது இருக்காது.

பிறகு அவருடைய வீட்டுக்குப் போய், நான் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்து எழுத்தாக, மெதுவாக வாசித்தேன். அமத்தினவரில் பிழை இல்லை என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அவர் என் முதுகைத் தடவினார்.

'எனக்காக எழுதியிரிக்காய் மகள்,' என்றார். 'நீ நல்ல புள்ள. ஆனா அந்தப் பொடியன் முதலே எழுதிட்டான்தானே. அவன் பெரிய இடத்தில இரிக்கிறவன், பாக்காம எழுதுவானா?'

உன் வாயால் வந்தால் நம்புவார் என்று உனக்கு எழுதினேன், நினைவிருக்கிறதா? உன் வாயால் வந்ததைத்தான் நம்பிவிட்டார். நான் இனி எத்தனை களஞ்சியம் திறந்தாலும் அதை அழிக்க முடியாது. ஆடி மாதம் நீ வந்து நேரில் சொன்னாலும் அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு உனக்கும் தேத்தண்ணி ஊற்றித் தருவார். உன் வாப்பாவைச் சுகம் கேட்பார். நீயும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்ட திருப்தியோடு போய் பிளேன் ஏறுவாய். வராதே.

நான் வெளிக்கிட இருட்டிக்கொண்டு வந்தது. புஸ்பம் அக்கா சுவிட்சுக்குப் பக்கத்திலேதான் நின்றுகொண்டிருந்தார். கஜானி குசினியில் ஏதோ வேலையாக இருந்தாள். அவர் அவளைக் கூப்பிட்டார். பிள்ளை கை துடைத்துக்கொண்டு வந்து லைட்டைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். வீட்டில் இப்போது எதையும் அம்மா அமத்துவதில்லை என்று வாசல் படலையடியில் வைத்து அவள்தான் எனக்குச் சொன்னாள்.

தனுஷியா